திண்டிவனத்தில் நிற்காத வண்டி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் முப்பத்தேழு கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கூட்டம் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் கூடும். டிபன் டப்பாவோடு தினமும் எத்தனையோ பேர் போய்விட்டு வருகிற தூரம். இதற்கெல்லாமா ஒரு பயணக் கட்டுரை என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நான் அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வழியில் செங்கல்பட்டையும் பார்த்தேன். செங்கல்பட்டு திண்டிவனத்தைத் தாண்டி இன்னும் அறுபத்தைந்து கிலோமீட்டர் சென்னைப் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

என் தங்கை கோமதியைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது. அந்தப் புதன்கிழமை யாழினிக்குக் காது குத்து. காது குத்து மண்டபம் இல்லாமல் நடக்கும், சமையல்காரர் வராவிட்டாலும் நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. குழந்தை மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். கோமதிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஒன்றரை வரை ஊசியைத் தொட மாட்டார்கள்.

அம்மாவும் என் மனைவி லதாவும் சீர்த்தட்டுகளோடு முந்தின நாளே போய்விட்டார்கள். நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். செய்முறைத் தேர்வு இருந்ததால் தங்க வேண்டியதாயிற்று. தோடு நகைக்கடையிலிருந்து அன்று இரவுதான் கைக்கு வந்தது. அதைச் சின்னச் சிவப்பு டப்பாவோடு வாங்கி வைத்துக்கொண்டேன். காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்பதுக்குள் மண்டபம். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

குறை என்னிடம் இருந்தது. நான் ரயில் பைத்தியம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்க்கிற ரகம் இல்லை. எனக்கு இஞ்சின். எது எந்த ஊர் ஷெட்டைச் சேர்ந்தது, எதற்கு எத்தனை அச்சு, எது எப்படி ஹாரன் அடிக்கும், எது ஏற்றத்தில் முனகும் என்பதெல்லாம் எனக்கு வேண்டும். விழுப்புரத்தில் பிறந்தவனுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கத்துத் தண்டவாளமும் எங்கள் ஜங்ஷனில் வந்து கூடுகிறது. என்னைப் போன்ற அறுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பரோட்டா மாஸ்டர் இருக்கிறார், காவல்துறையில் ஒருவர்கூட இருக்கிறார். பாதிப் பேர் வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறோம். நான் வாக்கிங் போவதாகச் சொல்வேன்.

முந்தின இரவு கோமதி போனில் கெஞ்சினாள். "அண்ணா, நாளைக்கு எங்க மாமனார் வழி சொந்தமெல்லாம் வருது. இஞ்சின் கிஞ்சின்னு ஆரமிச்சிடாத. வாத்தியாராவே இரு." சரி என்றேன்.

காலை 7.20. பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது குழுவில் செய்தி வந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வருகிற அதிவிரைவு வண்டி ஒன்றில் இன்று வாப்-5 இஞ்சின் மாட்டியிருக்கிறது. இது என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு: எங்கள் பக்கம் ஓடுவதெல்லாம் ஆறு அச்சு இஞ்சின்கள். வாப்-5க்கு நான்கே அச்சு. உருவம் சின்னது, ஓட்டம் பெரிது. வடக்கே தில்லிப் பக்கம் ஓடுவதைப் படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். எங்கள் ஸ்டேஷனில் அதை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. விழுப்புரத்துக்கு 8.50க்கு வர வேண்டும்.

என் கணக்கு இதுதான். 8.50க்குப் பார்த்துவிடுவேன், ஒரு படம் எடுப்பேன், ஒன்பதேகாலுக்குள் பஸ்ஸைப் பிடிப்பேன், பத்து மணிக்கு மண்டபம். அரை மணி நேரம் மிச்சம்கூட இருக்கும். தேர்வில் பையன்கள் இப்படிக் கணக்குப் போட்டால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன்.

8.30. பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் நின்றேன். இஞ்சின் வந்து நிற்கிற இடம் அது. பட்டு வேட்டி சட்டையோடு அங்கே ஒருவன் தனியாக நிற்பதைப் பார்த்து, தண்ணீர்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்த ஊழியர், "யாரையாவது கூப்டுக்கினு போவ வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டி 8.50க்கு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. இருபத்தைந்து நிமிடத் தாமதம் என்று அறிவித்தார்கள், பிறகு நாற்பது என்றார்கள். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சிக்னல் கம்பம் வரை போவேன், திரும்புவேன். தோட்டு டப்பா இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது கிளம்பினால்கூடப் பத்துக்குப் போய்விடலாம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் நின்றேன். லதா இரண்டு முறை கூப்பிட்டாள். "கெளம்பிட்டீங்களா?" "கெளம்பிட்டேன்." வீட்டிலிருந்து கிளம்பியது உண்மைதானே.

9.38. தெற்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது முழு இஞ்சினாக மாறி, என்னைக் கடந்து, பத்தடி தள்ளி வந்து நின்றது. அதை எப்படிச் சொல்வது? வெள்ளையும் சிவப்புமாக, முகம் சற்றுச் சரிந்து, மற்ற இஞ்சின்களின் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே ஒரு சத்தம், சன்னமாக, விடாமல், எதையோ அடக்கிக்கொண்டிருப்பதுபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு வயது ஆள், ஒரு வகுப்புக்கு வகுப்பாசிரியர், ஒரு இஞ்சினைப் பார்த்துக் கண் கலங்கினேன். படம் எடுத்தேன், வீடியோ எடுத்தேன், நான்கு அச்சையும் குனிந்து எண்ணினேன்.

பச்சை விழுந்தது. ஹாரன் அடித்தது. இஞ்சினுக்கு அடுத்த பொதுப்பெட்டியின் கதவு எனக்கு நேராக இருந்தது. அந்த நொடியில் என் மூளை இப்படி வேலை செய்தது: இந்த வண்டி சென்னைக்குப் போகிறது. திண்டிவனம் சென்னைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பஸ்ஸைவிட இது வேகம். போகிற வழியெல்லாம் சத்தத்தையும் கேட்கலாம். செல்போனில் முப்பது ரூபாய்க்குத் திண்டிவனம் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை அடித்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

ஒரு வண்டிக்கு எந்த ஊர் இஞ்சின் மாட்டுவார்கள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது எங்கெங்கே நிற்கும் என்பதை நான் கவனித்ததே இல்லை. அதெல்லாம் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்று இருந்துவிட்டேன்.

பெட்டியில் நெரிசல். ஜன்னலோரம் ஒரு அம்மா காலடியில் சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்தார். கண்டமங்கலத்துக்காரர், சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எடுத்துப் போகிறாராம். நான் அவர் தலைக்கு மேலே குனிந்து ஜன்னல் கம்பியில் காதை வைத்திருந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் இஞ்சின் வேகம் எடுத்தது. அந்தச் சன்னமான சத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு நிலையில் பாட்டாக நின்றது.

"இன்னாப்பா, காத்து வாங்குறியா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. இஞ்சின் சத்தம் கேக்குறேன்."

"அதான் ஊருக்கே கேக்குதே."

"இது வேற இஞ்சின்மா. நம்ம பக்கம் வர்றதே இல்ல."

அவர் ஒரு மல்லாட்டையை உடைத்து என்னிடம் நீட்டினார். "ரயில்வேல கீறியா?"

"இல்லம்மா. வாத்தியாரு."

"வாத்தியாருக்கு இன்னாத்துக்கு இஞ்சினு?"

இந்தக் கேள்விக்கு வழக்கமாக நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த உதவும் என்பேன், அல்லது மாமா ரயில்வேயில் இருந்தார் என்பேன். எனக்கு அப்படி ஒரு மாமாவே கிடையாது. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவில் எதுவும் ஜோடிக்கத் தோன்றவில்லை. "புடிக்கும்மா. அவ்வளோதான்," என்றேன். சொல்லிவிட்டு நானே சற்று நிமிர்ந்து நின்றேன்.

"புடிச்சா சரி," என்று அவர் அடுத்த மல்லாட்டையை உடைத்தார். "எதுவரைக்கும் போற?"

"திண்டிவனம். தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன். தோடும் எங்கிட்டதான் இருக்கு."

அவர் உடைப்பதை நிறுத்தினார். "இது திண்டிவனத்துல நிக்காதேப்பா. விழுப்புரத்த வுட்டா செங்கல்பட்டுதான்."

சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பேரணி ஸ்டேஷன் அப்போதுதான் பின்னால் போயிருந்தது. மயிலம் வரப் போகிறது. அடுத்தது திண்டிவனம்.

சுற்றியிருந்தவர்களுக்கு விஷயம் ஒரு நிமிடத்தில் பரவிவிட்டது. தாய்மாமன் என்றதும் எல்லோரும் என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கதவோரம் நின்றிருந்த ஒருவர், "செயினப் புடிச்சு இழுங்க சார். நீங்க ஒண்ணும் சும்மா இழுக்கல. நான் வேணா இழுக்கட்டுமா?" என்று கையை உயர்த்திவிட்டார்.

"வேணாங்க!" என்று கத்தினேன்.

செயினை நானும் பார்த்தேன். எட்டிப் பிடிக்கிற உயரம்தான். இழுத்தால் பிரேக் குழாயில் காற்று இறங்கும், வண்டி தேய்த்துக்கொண்டு நிற்கும், நான் குதித்து இறங்கி ஆட்டோ பிடித்தால் பத்தரைக்கு முன்னால் மண்டபம். பிறகு உதவி ஓட்டுநர் இறங்கி வந்து, எந்தப் பெட்டி என்று தேடி, சரிசெய்து, வண்டி கிளம்பக் கால் மணி நேரம் ஆகும். இதற்குப் பின்னால் வருகிற வண்டியும் நிற்கும், அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். செல்போனை மறந்துவிட்டேன், செருப்பு விழுந்துவிட்டது என்று செயினை இழுத்தவர்களை எங்கள் குழுவில் நாங்கள் திட்டாத திட்டு இல்லை. அதில் நான்தான் முதல் ஆள்.

அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "தோடு உங்கிட்ட கீது. மடி உன்னுது. நீ போவலன்னா அந்தப் பொண்ணு அவுங்க மாமனாரு மாமியா முன்னாடி இன்னா பண்ணும்? யோசிச்சியா?"

யோசித்தேன். மயிலம் தாண்டி அத்தனை கிலோமீட்டரும் அதையே யோசித்தேன். கோமதியின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கை மேலே போகவில்லை.

10.08. திண்டிவனம் வந்தது, போயிற்று. மஞ்சள் பலகையில் 'திண்டி' என்பது வரைதான் படிக்க முடிந்தது. பிளாட்பாரத்தில் இருந்த பெண்கள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அப்போது இஞ்சின் நீளமாக ஹாரன் அடித்தது. இறங்க வேண்டிய ஊர் பின்னால் போன அந்த நொடியிலும் என் மனதில் ஒரு மூலை, என்ன அருமையான ஹாரன் என்று சந்தோஷப்பட்டது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

கோமதியைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அண்ணா, எங்க கீற?"

"ஒலக்கூர் தாண்டுறேன்."

"ஒலக்கூரா? அது திண்டிவனத்தத் தாண்டியாச்சே." நாதஸ்வரச் சத்தம் சற்று விலகியது. "இஞ்சினா?"

"ஆமாம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் பேசினாள். "பஸ்ஸு பிரேக்டவுன்னு சொல்லிக்கிறேன். விழுப்புரம் ரோட்டுல கூட்டேரிப்பட்டாண்ட நிக்குதுன்னு. நீயும் அதையே சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போவும், அவுங்க முன்னாடி என் மானத்த வாங்கிடாத."

10.55. செங்கல்பட்டு. ஏரி காலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, ரசிக்க முடியவில்லை. வாசலில் டிக்கெட் பரிசோதகர் என் செல்போனை வாங்கிப் பார்த்தார். "திண்டிவனம் டிக்கெட்டு. ஏன் அங்க எறங்கல?"

"வண்டி நிக்கல சார்."

"நிக்காதுன்னு தெரியாதா?"

"இஞ்சினப் பாத்து ஏறிட்டேன் சார்."

அவர் என் பட்டு வேட்டியிலிருந்து நெற்றி விபூதி வரை ஒருமுறை பார்த்தார். இருநூற்றைம்பது ரூபாய் அபராதமும் மீதிக் கட்டணமும் போட்டு ரசீது கிழித்தார். "இதுல காரணம்னு ஒரு கட்டம் இல்லாமப் போச்சு சார். இருந்தா எழுதிப் பத்திரமா வெச்சிருப்பேன்," என்றார். சிரிக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அங்கிருந்து பைபாஸுக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசுகிற நிலைமையில் நான் இல்லை என்பதை ஆட்டோக்காரர் தூரத்திலேயே கண்டுகொண்டார். 11.35க்கு ஒரு திருவண்ணாமலை பஸ் வந்தது. திண்டிவனம் வழியாகத்தான் போகும் என்பதைக் கண்டக்டரிடம் ஒருமுறை, டிரைவரிடம் ஒருமுறை, பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சீட்டில் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு லாரியும் என்னை மறிப்பதற்கென்றே கிளம்பி வந்திருந்தது. கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார். "சார், நீங்க எட்டி எட்டிப் பாத்தா பஸ்ஸு ஜல்தியா போவுமா? உக்காருங்க, டிரைவருக்கு சைடு கண்ணாடி தெரியல."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோமதி கூப்பிட்டாள். "எங்க மாமனாரு ராகு காலம் வருதுன்றாரு. நம்ம சித்தப்பா பையன் வந்திருக்கான் இல்ல, அவனும் மாமன் மொறதான், அவன் மடியில உக்கார வெச்சு தங்கக் கம்பியில குத்திடலாம், தோட அப்பால போட்டுக்கலாம்னு சொல்றாரு. இன்னா பண்ணட்டும்?"

யாழினி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை எங்கள் அம்மாவுக்கு அடுத்துக் கையில் வாங்கியவன் நான். இருந்தாலும் தப்பு என்னுடையது. "குத்திடு கோமதி. எனக்காக நல்ல நேரத்த வுட்டுடாத," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தயார் செய்தேன். கிளட்ச் போய்விட்டது என்பதா, டயர் என்பதா? டயர் என்றால் அரை மணியில் மாற்றிவிடுவார்கள். கிளட்ச்தான் சரி. மாற்று பஸ் வரத் தாமதம். நன்றாகத்தான் இருந்தது. அப்போது பிரபு கூப்பிட்டான். கோமதியின் கொழுந்தன். என்னிடம் மரியாதையாக இருக்கிற பையன், வங்கியில் வேலை செய்கிறான்.

"அண்ணா, கூட்டேரிப்பட்டு ஜங்ஷன்ல பைக் வெச்சிக்கினு அரை மணி நேரமா நிக்கிறேன். எந்த பஸ்ஸும் பிரேக்டவுன் ஆயி நிக்கலயே? எந்தக் கடையாண்ட கீறீங்க? கூட்டிக்கினு போயிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முழுத் தொண்டையில் கத்தினார். "மேல்மருவத்தூர்லாம் எறங்கு! மேல்மருவத்தூர்!"

"மேல்மருவத்தூரா?" என்றான் பிரபு. "அது சென்னைப் பக்கமாச்சேண்ணா."

"ஆமாம்பா. நீ வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ. வந்து சொல்றேன்," என்று வைத்தேன். நல்ல மனதோடு என்னைத் தேடி வந்தவனை நடுரோட்டில் நிறுத்தியிருந்தோம். கோமதி காப்பாற்றப் பார்த்த மானம் இப்போது இரட்டிப்பாகப் போகப் போகிறது. இஞ்சினால் வந்தது தாமதம் மட்டும்தான். இந்த அவமானம் பொய்யால் வந்தது.

ஒலக்கூர், சாரம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தன் அபிமான நடிகருக்கு ஆள் உயரக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறவர். ரசிகர் மன்றப் பொறுப்பைப் பெயர்ப் பலகையில் போட்டுக்கொள்கிறார். கிரிக்கெட் பார்க்க லீவு போட்டவர்கள் அதை மறுநாள் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களையெல்லாம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் மட்டும் இருபது வருடமாக வாக்கிங் போகிறேன். எனக்குப் பிடித்ததை நானே திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்துவிட்டு, ஊர் மதிக்கவில்லை என்று புலம்பி என்ன பிரயோஜனம்? கிளட்ச் கதையை அங்கேயே தூக்கிப் போட்டேன்.

12.50. திண்டிவனம். பஸ் நிலையத்திலிருந்து மரக்காணம் சாலையில் இருக்கும் மண்டபத்துக்கு ஆட்டோவில் ஏழு நிமிடம். பந்தி நடந்துகொண்டிருந்தது. பாயசம் ஊற்றுகிறவர் என்னைப் பார்த்ததும் வாளியோடு நின்றுவிட்டார். மேடையில் கோமதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், யாழினி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் பார்த்தது குழந்தையின் காதைத்தான். குத்தவில்லை. இரண்டு காதும் அப்படியே இருந்தன.

கோமதியின் மாமனார் வாசலிலேயே எதிரில் வந்தார். ஓமந்தூர்ப் பக்கம் கரும்பும் மல்லாட்டையும் போடுகிறவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அதனால்தான் எல்லோருக்கும் பயம். அவருக்குப் பின்னால் பிரபு, சட்டை முழுக்க வியர்வையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாங்க வாத்தியாரே. பஸ்ஸு ரிப்பேரா?"

கோமதி மேடையிலிருந்து என்னையே பார்த்தாள்.

"இல்லீங்க மாமா. நான் பஸ்ஸே ஏறல. விழுப்புரத்துக்கு ஒரு இஞ்சின் வந்தது. எனக்கு இஞ்சின்னா உசுரு. அதப் பாக்கப் போயி, பாத்த சந்தோஷத்துல அதே வண்டியில ஏறிட்டேன். அது இங்க நிக்காது. செங்கல்பட்டு போயி திரும்பி வர்றேன். கோமதி பஸ்ஸுன்னு சொன்னது என்னக் காப்பாத்தறதுக்கு. அவ மேல தப்பு இல்ல. பிரபு, உன்ன வெயில்ல நிக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கப்பா."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இஞ்சின் பாக்கவா?" என்றார் பெரியவர். மரியாதை விகுதி காணாமல் போயிருந்தது. "உனக்கு இன்னா வயசாவுது?"

"நாப்பத்தொண்ணுங்க."

"சின்னப் பசங்கதான் இஞ்சினப் பாத்துக் கையாட்டும்."

"அந்த வயசுல ஆரமிச்சதுதாங்க. நிக்கல."

"செயின இழுத்தா அதுவும் நின்னிருக்குமே. நல்ல நேரத்துக்கு வந்திருப்ப. அபராதத்துக்குப் பயந்துக்கினியா?"

"அபராதம் எப்படியும் கட்டிட்டேங்க." "அந்த வண்டியில ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்க மாமா. அவங்கள்ல யாருக்கு எங்க இன்னா முகூர்த்தமோ, யாரு ஆஸ்பத்திரிக்குப் போறாங்களோ. நான் ஏறினது என் தப்பு. அதுக்கு அவங்கள நிறுத்தறதா? வண்டி ஓடறதப் பாக்கத்தான் நான் போனேன். அத என் கையாலயே எப்படி நிறுத்துவேன்?"

கோமதி எழுந்து குழந்தையோடு மேடையின் விளிம்புக்கு வந்தாள். "ஒன்றரைக்கு எங்கண்ணன் மடியிலதான் குத்தணும். அதுக்குத்தான் பன்னெண்டுக்கு நான் ஒத்துக்கல," என்றாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவள் மாமனார் முன்னால் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரும்மா வேணாங்கறா. மாமன்தான் வந்தாச்சே," என்று சொல்லிவிட்டு, "காது குத்துற பத்தருக்கு எல போடுங்கப்பா, ஒன்றரைக்கு ரெடியா இருக்கட்டும்," என்று பந்திப் பக்கம் போய்விட்டார்.

ஒன்றரை தாண்டியதும் யாழினியை என் மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்ததும் அவள் என் பட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூரை அதிர அழுதாள். நான் அவள் காதோரம் வாப்-5 போடுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இன்னும் உரக்க அழுதாள். கோமதி குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்க கோமதி," என்றேன்.

"அப்பறம் பேசிக்கலாம். தலையப் புடி ஆடாம," என்றாள். இரண்டு தோடும் ஏறின. யாழினிக்குத் தோடு அழகாக இருந்தது. என் மடி முழுக்க அவள் கண்ணீரும் மூக்குச் சளியுமாக இருந்தது, நான் அதைத் துடைக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பத் தயாரானோம். நாலரைக்கு விழுப்புரத்துக்கு ஒரு பஸ் இருப்பதாக லதா விசாரித்து வைத்திருந்தாள். ரயில் பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. அம்மா பைகளை வாசலில் அடுக்கிவிட்டார்.

கூட்டம் போய்விட்ட மண்டபத்தில் பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு, "அது சரி," என்றார். "இத்தினி பேஜாரு பண்ணுச்சே, அந்த இஞ்சின்ல அப்படி இன்னாதான் விசேஷம்?"

சும்மா கேட்கிறாரா, கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் எடுத்துக்கொள்ளவில்லை. "மத்த இஞ்சினுக்கெல்லாம் ஆறு அச்சுங்க மாமா, இதுக்கு நாலு," என்று ஆரம்பித்துவிட்டேன். அச்சு குறைந்தால் எடை குறைவது, எடை குறைந்தால் வேகம் கூடுவது, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வது என்று போய்க்கொண்டிருந்தது. செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

லதா என் தோளைத் தட்டினாள். "ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கோமதியும் ஓடி வந்தாள். "அண்ணா, போதும் வுடு. மாமாவுக்கு வேல இருக்கும்."

பெரியவர் வெற்றிலைச் சாறு சிந்தாமல் தலையை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தினார்.

"இரும்மா," என்றார். "அவரு சொல்லி முடிக்கட்டும்."

நாற்பத்தொரு வயதில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். கோமதி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யாழினியோடு எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலரை மணி பஸ் போயே போய்விட்டது.